இரண்டாவதாக வந்த பிள்ளையிடம் முதலில் என்ன கேட்பது?

"கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை, மேடம்."

மாநில யோகாசனப் போட்டியில் இரண்டாவதாக வந்த 13 வயது மகளை என் அறைக்கு அழைத்து வந்த ஒரு தந்தை, உட்காரும் முன்பே சொன்னது இது. மகள் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். போட்டி முடிந்து ஐந்து வாரமாகியும் அவள் விரிப்பைத் தொடவில்லை. இரவில் தூக்கமில்லை. வாங்கிய பதக்கம் எங்கே என்று கேட்டேன். தெரியாது என்று தலையசைத்தாள்.

விளையாட்டில் இருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மன நல ஆலோசனை தருவது என் வேலை. தகுதிச் சுற்றிலேயே வெளியேறிய பிள்ளைகளைவிட இரண்டாவதாக வந்த பிள்ளைகளைத்தான் என் அறையில் அதிகம் பார்க்கிறேன். இதில் வியப்படைய ஒன்றுமில்லை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக் காட்சிகளை வைத்து வீரர்களின் முகபாவத்தை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர்கள் 1995இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெள்ளி வாங்கியவர்களைவிட வெண்கலம் வாங்கியவர்களே மகிழ்ச்சியாகத் தெரிந்தார்கள். வெண்கலக்காரருக்கு, பதக்கமே இல்லாமல் போயிருக்கலாமே என்ற நிம்மதி. வெள்ளிக்காரரின் மனமோ தங்கத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது. அந்தத் தந்தையின் பழமொழி ஐந்து வாரமாக அந்தச் சிறுமிக்குள் செய்துகொண்டிருந்த வேலையும் அதுதான்.

இப்படி வரும் பிள்ளைகளுக்கு, பனித்தளத்தில் இசைக்குச் சறுக்கி ஆடும் ஒலிம்பிக் ஃபிகர் ஸ்கேட்டிங் காணொளிகளைக் காட்டுவது என் வழக்கம். யோகாசனத்தைப் போலவே அங்கும் நடுவர்கள்தான் மதிப்பெண் போடுகிறார்கள், தசமப் புள்ளிகளில்தான் இடம் தீர்மானமாகிறது. அதைவிட முக்கியம், ஆட்டத்தை முழுமையாகத் திரும்பப் பார்க்க முடியும். எத்தனையாவது இடம் என்பதை மறைத்துவிட்டு ஆட்டத்தை மட்டும் பார்க்கலாம்.

அன்று 1998 நாகானோ போட்டியில் அமெரிக்காவின் மிச்செல் குவான் ஆடிய நீள்சுற்றைப் போட்டேன். (குறுஞ்சுற்று, நீள்சுற்று என இரண்டு ஆட்டங்கள், இரண்டும் சேர்ந்துதான் இடம்.) அவருக்கு அப்போது வயது 17. முடிவைச் சொல்லாமல், எங்கே தவறு செய்கிறார் என்று பார்க்கச் சொன்னேன். நான்கு நிமிடமும் கண்கொட்டாமல் பார்த்த சிறுமி, "ஒன்றுமே இல்லையே, மிஸ்" என்றாள். உண்மைதான், அவர் விழவில்லை, தடுமாறவில்லை. கலைத்திறனுக்கு ஒன்பது நடுவர்களும் ஆறுக்கு 5.9 போட்டார்கள். கடைசிக் குழுவில் அவர்தான் முதலில் ஆடினார். பிறகு வந்த 15 வயது டாரா லிபின்ஸ்கி, மூன்று சுற்றுத் தாவலை அடுத்தடுத்து இரண்டு முறை இணைத்து, பறப்பதுபோல ஆடினார். ஆறு நடுவர்கள் லிபின்ஸ்கியையும் மூவர் குவானையும் முதலாவதாக வைத்தார்கள். லிபின்ஸ்கியின் தங்கம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் குவானின் நான்கு நிமிடத்தில் எதுவும் குறையவில்லை.

பிறகு 2018 பியாங்சாங். ரஷ்ய வீராங்கனைகள் யெவ்கேனியா மெத்வெதேவா, அலினா சாகிடோவா இருவருக்கும் பயிற்சியாளர் ஒருவரே. நீள்சுற்றில் இருவருக்கும் கிடைத்த மதிப்பெண் 156.65. புள்ளிக்குப் பின்னாலும் ஒன்றே. குறுஞ்சுற்றில் இருந்த 1.31 புள்ளி வித்தியாசம்தான் சாகிடோவாவின் தங்கத்தையும் மெத்வெதேவாவின் வெள்ளியையும் பிரித்தது. இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கால்கள் களைத்த பிறகு, ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் செய்யும் தாவல்களுக்கு அன்றைய விதிப்படி பத்து சதவீதம் கூடுதல் மதிப்பு கிடைத்தது. சாகிடோவா நீள்சுற்றின் எல்லாத் தாவல்களையும் இரண்டாம் பாதியிலேயே வைத்திருந்தார். முறையான, கடினமான திட்டம் அது. அந்தப் பருவம் முடிந்ததும் விதி மாறியது. நீள்சுற்றில் கடைசி மூன்று தாவல்களுக்கு மட்டுமே அந்தச் சலுகை என்றானது. ஒரு பிள்ளையின் இடத்தைத் தீர்மானிப்பதில் அவளுடைய உழைப்போடு அந்த ஆண்டின் விதிப்புத்தகமும் சேர்ந்திருக்கிறது.

இதைக் கேட்டதும் தந்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியென்றால் நடுவர்கள் சரியில்லை என்கிறீர்கள்!" இல்லை. இதுதான் நான் அஞ்சுகிற அடுத்த வாக்கியம். 2014 சோச்சியில் தென்கொரியாவின் கிம் யூனா 219.11 புள்ளிகளோடு வெள்ளி பெற்றார், ரஷ்யாவின் அடெலினா சோத்னிகோவா 224.59 புள்ளிகளோடு தங்கம் பெற்றார். இன்றும் அந்தத் தீர்ப்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பியாசோலாவின் டாங்கோ இசைக்குக் கிம் பிழையின்றி ஆடிய அந்தக் கடைசி ஆட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. நடுவரைத் திட்டித் திட்டி, பிள்ளை ஆடிய ஆட்டத்தை நாமே மறைத்துவிடுகிறோம்.

என் அறையில் அதிகம் ஓடுவது 1988 கால்கரி. ஒரே ஊர், ஒரே ஒலிம்பிக், கனடாவுக்குச் சொந்த மண்ணில் இரண்டு வெள்ளிகள். ஒன்று பிரையன் ஓர்சருடையது. 1984 சரயேவோவிலேயே குறுஞ்சுற்று, நீள்சுற்று இரண்டிலும் முதலாவதாக வந்தவர் அவர். பனியில் வட்டங்களைத் துல்லியமாக வரைந்து காட்டும் கட்டாயப் பிரிவில் ஏழாமிடம் என்பதால் வெள்ளியோடு திரும்பினார். (அந்தப் பிரிவே 1990க்குப் பின் கைவிடப்பட்டது.) 1987இல் உலகச் சாம்பியனாகி, கால்கரித் தொடக்க விழாவில் நாட்டின் கொடியை ஏந்தி வந்தார். நீள்சுற்றில் ஒரு தாவலில் தரையிறங்கும்போது சற்றுத் தடுமாறினார், திட்டமிட்டிருந்த ஒரு மூன்று சுற்று ஆக்ஸலை (முன்நோக்கிப் புறப்படும் தாவல் அது) இரண்டு சுற்றாகக் குறைத்தார். அமெரிக்காவின் பிரையன் பொய்ட்டானோவிடம் பத்தில் ஒரு புள்ளியில் தங்கம் போனது.

இன்னொன்று எலிசபெத் மேன்லி. சில ஆண்டுகளுக்கு முன் மனச்சோர்வில் விழுந்து, தலைமுடி கொட்டி, விளையாட்டையே விட்டுவிடும் நிலையில் இருந்தவர். கால்கரியில் எல்லாரும் கிழக்கு ஜெர்மனியின் கத்தரீனா விட்டையும் அமெரிக்காவின் டெபி தாமஸையும்தான் எதிர்பார்த்தார்கள். நீள்சுற்றில் முதலாவதாக வந்தது மேன்லி! மொத்தக் கணக்கில் வெள்ளி. ஆட்டம் முடிந்த நொடியில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதில் தங்கத்தை இழந்தவரின் சாயலே இல்லை. பிற்காலத்தில் மன நலம் குறித்து வெளிப்படையாகப் பேசுபவராக ஆனார். இரண்டு வெள்ளிக்கும் எடை ஒன்றுதான். எங்கிருந்து புறப்பட்டு வந்தோம் என்பதில்தான் வித்தியாசம்.

2022 பெய்ஜிங் காணொளியைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதில்லை, பெற்றோருக்கு மட்டும் சொல்வேன். ரஷ்யாவின் 17 வயது அலெக்சாந்திரா திருசோவா ஒரே ஆட்டத்தில் நான்கு சுற்றுத் தாவலை ஐந்து முறை செய்து நீள்சுற்றில் முதலாவதாக வந்தார். மொத்தத்தில் வெள்ளி. இந்த விளையாட்டையே வெறுக்கிறேன் என்று அவர் அழுததை உலகமே நேரலையில் பார்த்தது. அந்த அழுகையில் எனக்குப் பிழை தெரியவில்லை. அதைச் சுற்றி நின்ற கேமராக்கள்தான் உறுத்துகின்றன. நம் ஊர்ப் போட்டிகளிலும் முடிவு அறிவித்த மறுகணம் பெற்றோர் கைபேசியைத் தூக்குகிறார்கள். அழுகிற பிள்ளையைப் படமெடுக்காதீர்கள். குடும்பக் குழுவில் போடாதீர்கள். முதல் நாள் தண்ணீரும் சோறும் தூக்கமும் போதும், ஆறுதல் மொழிகூட வேண்டாம். மறுநாள், "உன் ஆட்டத்தில் உனக்குப் பிடித்த இடம் எது?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள். இரண்டு மூன்று வாரம் கடந்தும் தூக்கமோ பசியோ திரும்பாவிட்டால், பிள்ளை எல்லாரிடமிருந்தும் விலகியே இருந்தால், ஆலோசகரிடம் அழைத்து வாருங்கள். உயிர் வாழவே பிடிக்கவில்லை என்ற தொனியில் ஒரு சொல் வந்தாலும் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

அந்தத் தந்தை மகளுக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டார், அடுத்த சந்திப்பில், என் முன்னிலையிலேயே. வெகுநேரம் கழித்து மகள் சொன்னாள்: "விருச்சிகாசனத்தில் கால் அசையவே இல்லை, அப்பா." அவர் அதைக் கவனித்திருக்கவில்லை. போட்டியன்று அவர் பார்த்துக்கொண்டிருந்தது மதிப்பெண் பலகையை.

கிளம்பும்போது அவள், "அந்த ஓர்சர் பிறகு என்ன ஆனார், மிஸ்?" என்றாள். பயிற்சியாளர் ஆனார். 2010இல் அவருடைய சொந்த நாட்டில், வான்கூவரில், கிம் யூனா தங்கம் வென்றது அவர் பயிற்சியில்தான். 2018 வெள்ளிக்குப் பிறகு மெத்வெதேவா ரஷ்யாவை விட்டு டொராண்டோவுக்குப் போனதும் அவரைத் தேடித்தான். அடுத்த ஆண்டு ஜப்பானின் சைதாமாவில் நடந்த உலகப் போட்டியில் மெத்வெதேவாவுக்கு வெண்கலம் கிடைத்தது.

அந்த ஆட்டத்தையும் பார்க்க வேண்டும் என்றாள். தந்தை மீண்டும் உட்கார்ந்தார். போட்டுக் காட்டினேன்.