திறந்த காரில் குளிர் எந்தப் பக்கமிருந்து வருகிறது?

கூரையைத் திறந்துவிட்டுக் காரை ஓட்டுகிறவரின் கழுத்துத் துணியைக் கவனியுங்கள். கார் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் முன்னோக்கிப் பாய்கிறது. எனவே துணியின் நுனி பின்னால் பறக்க வேண்டும் என்றுதான் நினைப்போம். ஆனால் அது முன்னால் வந்து கன்னத்தில் அடிக்கும். நீண்ட கூந்தலும் அப்படித்தான், பிடரியிலிருந்து கிளம்பி முகத்தை மூடும். திறந்த காரில் குளிர்காற்று பெரும்பாலும் தாக்குவது முதுகுப்புறத்திலிருந்துதான். இதைப் புரிந்துகொள்ளாமல் எத்தனை தடித்த மேலங்கி போட்டுக்கொண்டாலும் நடுக்கம் போகாது.

காரணம் முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் இருக்கிறது. சாய்ந்த கண்ணாடியின் மீது ஏறிவரும் காற்று, விளிம்பை எட்டியதும் வளைந்து கீழிறங்க முடியாமல் அங்கேயே பிரிந்து, பயணிகளின் தலைக்கு மேலாகப் பின்னோக்கி ஓடுகிறது. அதற்குக் கீழே, இருக்கைகள் இருக்கும் பள்ளத்தில் அழுத்தம் குறைகிறது. மேலே ஓடும் காற்றில் ஒரு பகுதி காரின் பின்மூடியில் மோதி, அழுத்தம் குறைந்த அந்தப் பள்ளத்தை நோக்கித் திரும்பி வருகிறது. ஆற்றின் நடுவே நிற்கும் பாறைக்குப் பின்னால் நீர் எதிர்த்திசையில் சுழன்று பாறையை நோக்கியே வருவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே நடப்பதும் அதுவே. திரும்பி வரும் காற்று இருக்கைகளின் இடுக்கு வழியாகவும் தோள்களுக்கு மேலாகவும் நுழைந்து, நேரே பிடரியில் வந்து விழுகிறது.

மழை பெய்யும்போதும் இதே ஓட்டத்தைக் கண்ணால் காணலாம். நல்ல வேகத்தில் போகும்வரை தூறல் துளிகள் பெரும்பாலும் தலைக்கு மேலாகக் கடந்துவிடும். சிக்னலில் நின்ற மறுகணமே நனையத் தொடங்குவோம்.

எதிரி பின்னாலிருந்து வருகிறான் என்று தெரிந்துவிட்டால் தடுப்பை எங்கே வைப்பது என்பதும் தெரிந்துவிடும். 1989-இல் மெர்சிடிஸ் பென்ஸ் தனது எஸ்.எல். காரில் இருக்கைகளுக்குப் பின்னால் சட்டத்தில் இழுத்துக் கட்டிய ஒரு வலைத்திரையைக் கொண்டுவந்தது. இன்று பெரும்பாலான திறந்த கார்களில் அதன் ஏதோ ஒரு வடிவம் இருக்கிறது. துளைகள் நிறைந்த வலை எப்படிக் காற்றைத் தடுக்கும் என்ற ஐயம் நியாயமானது. வலை காற்றை முழுதாக மறிப்பதில்லை. ஒவ்வொரு துளையிலும் நெருக்கி நுழையும்போது காற்று தன் அழுத்தத்தில் ஒரு பங்கை இழக்கிறது. ஒரே வீச்சாக வந்த பெரிய சுழல், ஆயிரக்கணக்கான சிறு சுழல்களாக உடைகிறது. சிறு சுழல்கள் சில சென்டிமீட்டர் தூரத்திலேயே அடங்கிவிடும். இந்தப் பக்கம் வந்து சேர்வது ஒரு மெல்லிய அசைவு மட்டுமே. பின்புறக் காட்சியும் மறைவதில்லை. ஆனால் திரையின் அடியில் இடைவெளி விட்டால் பலன் பாதியாகிவிடும், காற்று அந்த வழியைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

பக்கக் கண்ணாடிகளை ஏற்றிவிடுவதும் முக்கியம். முன்கண்ணாடியின் இரு பக்கத் தூண்களிலிருந்தும் சுழல்கள் கிளம்பிப் பக்கவாட்டில் உள்ளே சரிகின்றன. கதவுக் கண்ணாடிகள் அவற்றை வெளியே நிறுத்துகின்றன. பழைய விளையாட்டுக் கார்களில் இன்னொரு நல்ல ஏற்பாடு இருந்தது. இருக்கைகளின் மேல் முழுதாக விரியும் ஒரு துணி மூடி, நடுவில் ஜிப்புடன். தனியே போகும்போது ஓட்டுநர் தன் பக்கத்தை மட்டும் திறந்துகொண்டு, பக்கத்து இருக்கையை மூடியே வைத்திருப்பார். பள்ளமே பாதியாகச் சுருங்கிவிடுவதால் திரும்பி வரும் காற்றுக்கு இடம் குறைந்துவிடும். எளிமையான அந்தத் தீர்வு மறைந்துபோனது எனக்கு வருத்தம்தான்.

காற்றைப் பாதியளவு குறைத்தால் குளிரும் பாதியாகக் குறையுமா? குறையாது. நம் தோலை ஒட்டிச் சில மில்லிமீட்டர் தடிப்பில், உடல் தானே சூடாக்கி வைத்திருக்கும் ஒரு காற்றுப் படலம் இருக்கிறது. வீசும் காற்று அதை அரித்துக்கொண்டு போவதால்தான் வெப்பமானி காட்டுவதைவிட அதிகக் குளிரை உணர்கிறோம். இதைக் கணக்கிடக் கனடாவும் அமெரிக்காவும் 2001 முதல் ஒரு சூத்திரத்தைப் பயன்படுத்துகின்றன. அதில் 10 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையை வைத்துப் பாருங்கள். காற்று மணிக்கு 100 கிலோமீட்டரில் வீசினால், மூடாத முகத்துக்கு அது 4 டிகிரி போலத் தெரியும். 20 கிலோமீட்டருக்குக் குறைந்தாலும் 7 டிகிரி போலத்தான் தெரியும். அதாவது காற்றின் வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கைத் தடுத்த பிறகும், அது பறித்த கதகதப்பில் ஏறத்தாழப் பாதிதான் திரும்பக் கிடைக்கிறது. 5 கிலோமீட்டருக்கு இறக்கினால்தான் கிட்டத்தட்ட 10 டிகிரியாகவே உணர்வோம். மீதமிருக்கும் அந்தச் சிறு கசிவுகளை அடைப்பதில்தான் பெரிய பலன் இருக்கிறது.

அடுத்தது வெப்பம். திறந்த காரில் காற்றைச் சூடாக்கி நிரப்பி வைக்க முடியாது. சூடான காற்று மேலே எழுந்து போய்விடும். சூடாக்க வேண்டியது உடலை. கால் வைக்கும் இடம் ஆழமாகவும் மூன்று பக்கமும் மூடியும் இருப்பதால் அங்கே ஹீட்டரின் காற்று ஓரளவு தங்கும். அதனால் ஹீட்டரைக் காலுக்குத் திருப்பி முழு அளவில் வைப்பதே சரி. பெட்ரோல் காரில் இதற்குத் தயங்கவே வேண்டாம். எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எப்படியும் எஞ்சினைக் குளிர்விக்கும் நீரில் கலந்து வீணாகப் போகிறது. ஹீட்டர் எடுத்துக்கொள்வது அதில் ஒரு பகுதியைத்தான். மின்சாரக் காரில் அந்த இலவச வெப்பம் கிடையாது. அங்கே சூடேறும் இருக்கையும் ஸ்டியரிங்கும் கைகொடுக்கும். வெப்பம் தொடுதலால் நேரே உடலுக்குள் இறங்குவதால், காற்று கொண்டுபோக எதுவும் இல்லை.

2004-இல் எஸ்.எல்.கே. காரில் மெர்சிடிஸ் இன்னும் ஒரு படி போனது. இருக்கையின் தலைப்பகுதியில் துளை வைத்து, சூடான காற்றைக் கழுத்தைச் சுற்றி வீசச் செய்தது. குளிர்காற்று விழும் அதே இடத்தில் வெப்பத்தை நிறுத்தும் இந்த யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன். கழுத்தில் தோலுக்கு அருகிலேயே பெரிய ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. அங்கே கிடைக்கும் இதம் அந்த இடத்தோடு நிற்பதில்லை.

உடையில், காற்றுப் புகாத மெல்லிய மேலுறையும் அதனுள்ளே காற்றைச் சிறைப்பிடிக்கும் கம்பளியும் வேண்டும். கம்பளியை மட்டும் போட்டால் காற்று அதை ஊடுருவி, உள்ளிருக்கும் வெப்பத்தைத் துடைத்துவிடும். கழுத்துக்கு நீளத் துணி வேண்டாம், குழாய்போல் தலைவழியே மாட்டும் உறையே நல்லது. 1927-இல் நடனக் கலைஞர் இசடோரா டங்கன் பிரான்சின் நீஸ் நகரில் திறந்த காரில் போகும்போது, அவரது நீண்ட கழுத்துத் துணி சக்கரத்தில் சிக்கியதால்தான் உயிரிழந்தார்.

கைகளைக் கடைசியாகச் சொன்னாலும் கவனத்தில் அவை முதலில் இருக்க வேண்டும். உடல் குளிரத் தொடங்கியதும் நடுப்பகுதியைக் காப்பதற்காக விரல்களின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. விரல் விறைத்தால் ஸ்டியரிங்கின் பிடி தளரும், பொத்தான்களைத் தேடித் தடவ வேண்டியிருக்கும். சுருங்கிய குழாய்கள் மீண்டும் விரிய வெகுநேரம் பிடிக்கும். எனவே ஹீட்டர், இருக்கைச் சூடு, கையுறை எல்லாவற்றையும் கூரையைத் திறப்பதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.