ஓமோன் ஒவ்வாமையா, ஓமோன் சார்ந்ததா?

கிளிநொச்சிக் கடையொன்றில் சாத்தாவாரித் (தண்ணீர்விட்டான் கிழங்கு) தூள் போத்தலைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் ஒரு வரி: "ஓமோன் ஒவ்வாமை உடையோர் தவிர்க்கவும்." துண்டுப்பிரசுரங்களிலும் இதே வரிதான். ஆங்கிலத்தில் hormone-sensitive என்று இருப்பதைத்தான் இப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

ஓமோன் கிரேக்க வேரிலிருந்து வந்த சொல்; அந்த வேருக்குத் தூண்டிவிடு, கிளப்பிவிடு என்று பொருள். 1905இல் ஸ்டார்லிங் என்ற ஆங்கில உடலியலாளர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். தமிழில் இயக்குநீர் என்பார்கள். பொருத்தம்தான், ஆனால் கிளினிக்கில் "நீர்" என்றால் சலப் பரிசோதனை என்றே சனம் நினைக்கும். பள்ளிப் புத்தகத்து ஓமோனே போதும்.

சரி, ஒவ்வாமைக்கு வருவோம். இறால் சாப்பிட்டால் உடம்பு தடிக்கிறதே, அது ஒவ்வாமை. உடம்பு ஒன்றை ஏற்க மறுப்பது. இங்கே நடப்பதோ நேர்மாறு. சிலவகை மார்பகப் புற்றுநோய்க் கலங்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஓமோனைப் பிடித்துக்கொள்ளும் வாங்கிகள் உண்டு. ஓமோன் வந்து ஒட்டினால் கட்டி வளரும். இந்த நோய்க்குக் கொடுக்கும் தமொக்சிபென் குளிசை அந்த இடத்தில் தான் போய்க் குந்திக்கொண்டு ஈஸ்ட்ரோஜனை அண்டவிடாது. சோயாவிலும் செம்மணப்புல்லிலும் (red clover) உள்ள ஐசோபிளேவோன் என்ற தாவரப் பொருள்களும் அதே வாங்கியில் ஒட்டக்கூடியவை, பலவீனமாக என்றாலும். சாத்தாவாரியும் ஈஸ்ட்ரோஜன்போல வேலை செய்யலாம் என்ற ஐயத்தால்தான் போத்தலில் அந்த எச்சரிக்கை. சோயாமீற் கறி அளவுக்குப் பயமில்லை. செறிவாக்கிய குளிசையும் தூளும்தான் யோசிக்க வேண்டியவை. தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போய்வரும் ஒரு முல்லைத்தீவு அக்கா இந்த வரியை வாசித்தால் என்ன சொல்லுவா? "எனக்கு ஒவ்வாமை ஒண்டும் இல்லை, இறாலே தின்னுறனான்." தூளை வாங்கிக்கொண்டு போய்விடுவா.

"ஓமோன் உணர்திறன் மிக்க நோய்" என்று திருத்துகிறவர்களும் உண்டு. நோய்க்கு ஏது உணர்வு? அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டுவதுதான் இப்போது மொழிபெயர்ப்பு. வாசிக்கிறவர் யார், கையில் என்ன மருந்துத் துண்டு வைத்திருக்கிறார் என்று ஒருவரும் கேட்பதில்லை. தனித்தமிழ் என்று மார்தட்டுகிறவர்களும் இதைக் கண்டுகொள்வதில்லை. ஒவ்வாமை தமிழ்ச்சொல் அல்லவா, அது போதுமாம்!

ஓமோன் சார்ந்த நோய் என்றால் விளங்கும். ஓமோனால் வளரும் நோய் என்றால் இன்னும் நல்லது. போத்தலில் அதற்கும் மேலே போய் நோயின் பெயரையே போடலாம்: "மார்பகப் புற்றுநோய், கருப்பைப் புற்றுநோய், கருப்பை நார்க்கட்டி, எண்டோமெற்றியோசிஸ் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் பாவிக்க வேண்டாம்." சாத்தாவாரியின் பெருமை பேசும் நாலு வரியில் ஒன்றைக் குறைத்தால் இடம் தாராளம்.