சொல் விளக்கம்: செறிவூட்டிய வைக்கோலா, நேர்த்தி செய்த வைக்கோலா?

மாட்டுத் தீவனம் பற்றிய தமிழ்த் துண்டறிக்கைகளை நாலைந்து எடுத்து அடுக்கிப் பாருங்கள். ஒன்றில் ‘யூரியா செறிவூட்டிய வைக்கோல்’ என்று இருக்கும். இன்னொன்றில் ‘ஊட்டமேற்றிய வைக்கோல்’. மூன்றாவதில் ‘யூரியா சிகிச்சை அளித்த வைக்கோல்’ என்று, வைக்கோலுக்குக் காய்ச்சல் வந்ததுபோல் எழுதியிருப்பார்கள். மூன்றும் சொல்ல வருவது ஒரே செய்முறையைத்தான். யூரியா கரைத்த நீரைத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி வைத்து, மூன்று வாரம் கழித்து எடுத்து மாட்டுக்குப் போடுவது. ஆங்கிலத்தில் இதற்கு ‘ட்ரீட்மென்ட்’ என்று பெயர்.

ஒரு பொருளுக்கு மூன்று பெயர் இருந்தால் என்ன குடிமுழுகிப் போகிறது என்று கேட்கலாம். பெயர் மூன்று என்பது சிக்கல் இல்லை. ‘செறிவூட்டல்’ என்ற அதே பெயரை வேறொரு செய்முறைக்கும் வைத்துவிட்டார்கள், சிக்கல் அங்கேதான் இருக்கிறது. யூரியாவையும் மொலாசஸ் என்னும் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகையும் கரைத்துத் தெளித்து அன்றைக்கே மாட்டுக்குப் போடும் முறை ஒன்று உண்டு. அதில் போடுகிற யூரியாவின் அளவு வேறு, அது மாட்டுக்குள் செய்கிற வேலையும் வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்து, ஒன்றின் அளவை இன்னொன்றில் போட்டால் மாடு செத்துப்போகும்.

முதலில் வைக்கோல். ‘வை’ என்றாலே பழந்தமிழில் வைக்கோல்தான். ‘எரிமுன்னர் வைத்தூறு போலக் கெடும்’ என்று குறள் சொல்வது நெருப்பின் முன் நிற்கும் வைக்கோற்போரைத்தான். அதோடு கோலும் சேர்ந்து வைக்கோல் ஆயிற்று. பேச்சில் வைக்கல் என்பார்கள், வைக்கப்போர் என்பார்கள். நெல்லின் தாளுக்குத்தான் இந்தப் பெயர். சோளத்துக்கும் கம்புக்கும் தட்டை, கடலைக்குக் கொடி. தீவனப் புத்தகங்கள் எல்லாவற்றையும் ‘உலர் தீவனம்’ என்று ஒரே கட்டாகக் கட்டிவிடுகின்றன. மாடு அப்படிப் பார்ப்பதில்லை. கடலைக்கொடியைப் பக்கத்தில் வைத்துவிட்டு வைக்கோலை நீட்டிப் பாருங்கள், தெரியும்.

வைக்கோலில் புரதம் 3 முதல் 4 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி நார். அந்த நாரில் மாட்டுக்கு வேண்டிய சக்தி நிறையவே இருக்கிறது, ஆனால் எடுக்க முடியாதபடி பூட்டிக் கிடக்கிறது. லிக்னின் என்ற மரத்தன்மையுள்ள பொருள் நாரோடு வேதிப்பிணைப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். நெல் வைக்கோலில் சிலிக்காவும் மிகுதி. மணலில் இருக்கிற அதே பொருள்தான், தாளை உருவினால் கையைக் கீறுவதில் அதற்கும் பங்குண்டு. மாட்டின் இரைப்பையில் முதல் அறையான பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் உட்கார்ந்து நாரைச் செரித்துக் கொடுத்தாலும், இந்த ஒட்டு விடாத இடங்களில் அவற்றின் பருப்பு வேகாது. தின்ற வைக்கோலில் பாதிக்கும் மேலாகச் சாணியாகப் போய்விடும்.

அடுத்து யூரியா. 1773-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ரூயெல் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த பொருள் இது. சிறுநீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ‘ஊரோன்’. அதிலிருந்து பிரெஞ்சில் ‘யூரே’ ஆகி, அப்புறம் யூரியா ஆயிற்று. 1828-இல் ஜெர்மன் வேதியியலாளர் வோலர், சிறுநீரகத்தின் உதவி இல்லாமலேயே ஆய்வுக்கூடத்தில் இதை உண்டாக்கிக் காட்டினார். உயிருக்குள் மட்டும்தான் உண்டாகும் என்று நம்பிய பொருள் குடுவைக்குள் கிடைத்தது அன்றைக்குப் பெரிய சேதி. தமிழில் சிறுநீருக்கு ‘அமுரி’ என்ற பழஞ்சொல் உண்டு, திருமந்திரத்தில் ‘அமுரி தாரணை’ என்றே ஒரு பகுதி இருக்கிறது. அதை வைத்து யூரியாவுக்குத் தமிழ்ப் பெயர் கட்ட ஆசை வரும். நான் கட்டமாட்டேன். மூட்டையின் மேல் தமிழ் எழுத்திலேயே யூரியா என்று அச்சடித்து வருகிறது, எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதைச் சொல்லித்தான் கேட்டு வாங்குகிறார். அதைத் தொட வேண்டியதில்லை. தமிழ் தேவைப்படுவது யூரியாவுக்குப் பின்னால் வரும் சொல்லுக்கு.

அந்தச் சொல் என்ன வேலையைக் குறிக்க வேண்டும் என்று தெரிய, வேலையையே கொஞ்சம் கிட்டத்தில் நின்று பார்க்கலாம். 100 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா. தண்ணீர் 50 முதல் 65 லிட்டர் வரை, வைக்கோல் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து. தரையில் பாலித்தீன் தாளை விரித்து, வைக்கோலை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, பூவாளியால் கரைசலைச் சீராகத் தெளித்து, ஏறி மிதித்து அழுத்துவார்கள். அதன்மேல் அடுத்த அடுக்கு. மிதிப்பதில் சோம்பினால் உள்ளே காற்று தங்கும். கடைசியில் தாளால் சுற்றிலும் மூடி, ஓரத்தில் மண்ணோ கல்லோ வைத்து இறுக்கிவிட வேண்டும். நம் ஊர்ச் சூட்டுக்கு 21 நாள் போதும்.

மூடிய போருக்குள் நடப்பதுதான் விஷயம். வைக்கோலில் ஏற்கெனவே இருக்கும் நுண்ணுயிரிகள் யூரியேஸ் என்ற நொதியால் யூரியாவை அம்மோனியாவாக உடைக்கின்றன. அம்மோனியா ஈரத்தோடு சேர்ந்து காரமாகிறது. அந்தக் காரம் லிக்னினுக்கும் நாருக்கும் இடையிலுள்ள பிணைப்புகளில் ஒரு பகுதியை அறுத்துவிடுகிறது. நார் உப்பி இளகுகிறது, பெருவயிற்று நுண்ணுயிரிகளுக்கு உள்ளே போக வழி கிடைக்கிறது. பிரிக்கும்போது அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் முடியாது. வெளிர் மஞ்சளாக உள்ளே போன வைக்கோல் பழுப்பேறி வெளியே வரும். ஒரு பிடி எடுத்துக் கசக்கினால் முன்பு போல நொறுங்காது, துவளும். நெடியே இல்லாமல் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தால் எங்கோ தாள் கிழிந்து காற்று உள்ளே புகுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பகுதியை எருக்குழியில் கொட்ட வேண்டியதுதான்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம். அப்படியானால் 4 கிலோவில் 1.84 கிலோ. தீவனக் கணக்கில் நைட்ரஜனை 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்பார்கள். அப்படிப் பார்த்தால் 11.5 கிலோ புரதத்துக்குச் சமமானது உள்ளே போயிருக்கிறது. ஆனால் பிரித்து ஆற விடும்போது பாதிக்கும் மேல் அம்மோனியாவாகக் காற்றில் போய்விடுகிறது. தங்குவதை வைத்துப் பார்த்தால் வைக்கோலின் புரதம் 7, 8 சதவீதத்துக்கு வருகிறது. அதாவது ஏறக்குறைய இரட்டிப்பு. போனது வீண்தானே என்றால், முழுக்க வீணில்லை. அது போவதற்கு முன்னால் நாரை இளக்கிவிட்டுப் போயிருக்கிறது. செரிமானம் கூடுகிறது, மாடு தின்னும் அளவும் கூடுகிறது.

இப்போது ‘செறிவூட்டல்’ என்ற சொல்லைப் பாருங்கள். செறிவு என்றால் அடர்த்தி. இருப்பதை அடர்த்தியாக்குவது, இல்லாததைச் சேர்ப்பது. செறிவூட்டப்பட்ட அரிசியில் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் உள்ள செயற்கை மணிகளைக் கலக்கிறார்கள். மற்ற அரிசி முன்பு இருந்த அரிசியேதான். அங்கே அந்தச் சொல் பொருத்தம். மூடி வைத்த வைக்கோலிலும் நைட்ரஜன் சேர்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பெரிய வேலை சேர்ப்பதில் நடக்கவில்லை, வைக்கோலின் இயல்பு மாறுவதில் நடக்கிறது. செறிவூட்டல் என்று கேட்கிறவர் மூடி வைப்பது எதற்கு, 21 நாள் எதற்கு, நேரே தெளித்துப் போட்டால் ஆகாதா என்றுதான் யோசிப்பார். அந்தச் சொல் அவரை அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது. ‘ஊட்டமேற்றிய’ என்பதற்கும் இதே குறைதான். ஊட்டமேற்றிய தொழு உரம் என்ற வழக்கிலிருந்து இங்கே வந்திருக்கலாம்.

‘பதப்படுத்திய’ என்றால் என்ன? பதம் அழகான சொல். தோல் பதனிடுவதில் இதேபோல வேதிப்பொருளால் இயல்பை மாற்றும் வேலை இருக்கிறது. ஆனால் உணவு என்று வரும்போது பதப்படுத்தியது என்றாலே கெடாமல் வைத்தது என்று மனசு போய்விடும். இங்கே கெடாமல் வைப்பது நோக்கமில்லை, காய்ந்த வைக்கோல் தானாகவே ஓராண்டு கெடாமல் கிடக்கும்.

சரியான சொல் உழவர் வாயில் ஏற்கெனவே இருக்கிறது: நேர்த்தி. விதைநேர்த்தி என்று சொல்லிச் சொல்லி ஊரெல்லாம் பழகிப்போன சொல். ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள் கலந்து நிழலில் உலர்த்துகிறோமே, அந்த ‘ட்ரீட்மென்ட்’டுக்கு யாரும் விதைச் சிகிச்சை என்று சொல்வதில்லை. நேர் என்பதிலிருந்து வந்த சொல் இது. ஒழுங்கு, திருத்தம், செம்மை எல்லாம் அதற்குள் இருக்கிறது. ஒரு பொருளைப் பயன்படுத்துவதற்கு முன் அதற்கு ஏற்றபடி ஆயத்தம் செய்வது என்ற பொருள் வேளாண்மையில் அதற்கு நிலைத்துவிட்டது. ‘முன்’ என்பதுதான் இங்கே முக்கியம். யூரியா நேர்த்தி செய்த வைக்கோல் என்றால், வேலை முழுவதும் மாட்டின் வாய்க்குப் போவதற்கு முன்பே முடிந்துவிட்டது என்பது சொல்லிலேயே இருக்கிறது.

அன்றன்றைக்குத் தெளித்துப் போடும் முறைக்கு ‘யூரியா சேர்த்த வைக்கோல்’ போதும், அல்லது செறிவூட்டலை அதற்கே விட்டுவிடலாம். அங்கே நாருக்கு ஒன்றும் ஆவதில்லை. யூரியா பெருவயிற்றுக்குள் போய்த்தான் அம்மோனியா ஆகிறது, நுண்ணுயிரிகள் அதை எடுத்துப் புரதமாக்கிக்கொள்கின்றன. அவை எடுக்கும் வேகத்தைவிட அம்மோனியா வரும் வேகம் கூடினால் மிச்சம் இரத்தத்தில் கலக்கும். அதனால் ஒரு நாள் உலர் தீவன எடையில் யூரியா 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, கூடவே மாவுச்சத்தோ பாகோ இருக்க வேண்டும். நேர்த்திக்கான 4 சதவீதத்தை இங்கே போட்டால் அரை மணி, ஒரு மணிக்குள் எச்சில் வடியும், உடல் நடுங்கும், வயிறு உப்பும், மாடு விழும். வினிகரும் குளிர்ந்த நீரும் புகட்டிக்கொண்டே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டிய நிலை. பச்சைச் சோயாவில் யூரியேஸ் நிறைய உண்டு என்பதால் யூரியாவோடு அதைச் சேர்த்துப் போடுவதும் ஆபத்து.

நேர்த்தி செய்த வைக்கோலுக்கும் விதி உண்டு. பிரித்த உடனே போடக் கூடாது, சில மணி நேரம் பரப்பி நெடி போக விட வேண்டும். முதலில் பாதிக்குப் பாதி பழைய வைக்கோலோடு கலந்து பழக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு அறவே கூடாது, அதன் பெருவயிறு இன்னும் தயாராகியிருக்காது.

முறை ஒன்றும் புதிதில்லை. முதல் உலகப் போர்க் காலத் தீவனப் பஞ்சத்தில் ஜெர்மனியில் பெக்மன் என்ற வேதியியலாளர் வைக்கோலைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துக் கழுவும் வழியைக் கொண்டுவந்தார். கழுவும்போது சத்தும் கரைந்து ஓடியது, தண்ணீரும் பாழானது. பிறகு அம்மோனியாவையே நேராகச் செலுத்தினார்கள். அதற்குத் தொட்டியும் குழாயும் வேண்டும். யூரியா மூட்டை எந்தக் கிராமத்திலும் கிடைக்கும் என்பதால் 1980-களில் ஆசியாவில் அது பரவலாக ஆராயப்பட்டது. இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் அப்போது இந்த ஆய்வு நடந்தது. இவ்வளவு நடந்தும் நம் தொழுவங்களில் இது வேரூன்றவில்லை. ஆள்கூலியும் பாலித்தீன் தாளும் யூரியாவும் சேர்ந்து ஆகும் செலவுக்கு, நாளைக்கு மூன்று லிட்டர் கறக்கும் மாடு எவ்வளவு கூடுதலாகக் கறக்கும் என்று விவசாயி கணக்குப் போட்டுப் பார்க்கிறார். அந்தக் கணக்கில் தப்பு சொல்ல முடியாது. பசும்புல் காணாத வறட்சி மாதங்களில், வைக்கோலை மட்டுமே நம்பும் மாட்டுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

நேர்த்தி என்ற சொல்லை எடுத்துக்கொண்டால் இன்னொரு வசதியும் உண்டு. சுண்ணாம்பு நீரில் ஊறவைப்பது சுண்ணாம்பு நேர்த்தி, அழுத்த நீராவியில் வேகவைப்பது நீராவி நேர்த்தி, லிக்னினைத் தின்னும் காளானை வளர்த்து நாரை இளக்குவது காளான் நேர்த்தி. இவற்றில் எதிலும் ‘செறிவூட்டல்’ ஒட்டாது. நீராவி எதையும் சேர்ப்பதில்லை. காளானோ தன் பங்குக்கு வைக்கோலில் கொஞ்சத்தைத் தின்றும்விடுகிறது.