விமானம் ஏறுவதற்கு முன் பிள்ளையைப் பதியுங்கள்

போன மாதம் திருகோணமலை மாவட்டத்தின் மூதூர்ப் பக்கமிருந்து ஒரு தாய் தன் மகளோடு என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு துணிக்கடைப் பை. அதற்குள் தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழும் அகதி முகாம் அட்டையும். 2006இல் சம்பூர்ச் சண்டையோடு கடல் கடந்து தமிழ்நாட்டுக்குப் போய், திரும்பி வந்த குடும்பம். மகள் பிறந்தது மண்டபம் முகாமில்; இப்போது 15 வயது.

"மிஸ், ஓ எல் சோதினை எழுத அடையாள அட்டை கேக்கிறாங்க. எடுக்கப் போனா, பிள்ளை இந்தியா எண்டு சொல்லுறாங்க."

தாயும் தகப்பனும் இந்த மண்ணில் பிறந்தவர்கள். ஆனாலும் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமை தானாக வந்துவிடாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டப்படி, பிறந்து ஒரு வருடத்துக்குள் பிறப்பைத் தூதரகத்திலோ கொழும்பிலோ பதிய வேண்டும். பிந்தினால் தகுந்த காரணம் காட்டி அனுமதி எடுக்கலாம். முன்பு தகப்பன் வழியாகத்தான் இந்த உரிமை வந்தது. 2003இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு தாய் இலங்கையராக இருந்தாலே போதும். முகாமில் தாலி கட்டி, கல்யாணத்தைப் பதியாமல் விட்ட பெண்கள் இது தெரியாமல் வீணாகப் பயந்துகொண்டிருக்கிறார்கள்.

சரி, சட்டம் இடம் கொடுக்கிறது. இடறுவது பெயரில். தமிழ்நாட்டில் பெயருக்கு முன் ஒரு முதலெழுத்தோடு முடித்துவிடுவார்கள். இங்கே தகப்பனின் முழுப்பெயர் வேண்டும். இந்தப் பிள்ளையின் சான்றிதழில் தாயின் ஆங்கிலப் பெயரில் ஒரு 'எச்' விடுபட்டிருந்தது. அந்த ஓர் எழுத்துக்காகச் சத்தியக்கடதாசி முடித்து, பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு இரண்டு தரம் இரவு பஸ் ஏறினார்கள். மீன் விற்றுச் சீவிக்கும் வீட்டில் அந்தப் பஸ் காசு பல நாள் சாப்பாடு. தமிழ்நாட்டில் இருக்கும்போதே சான்றிதழைத் திருத்தியிருந்தால் இந்த அலைச்சல் இல்லை.

ஆகவே முகாமில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பிள்ளையைப் பதிந்துவிட்டு வாருங்கள். 1990இல் போனவர்களுக்கு இப்போது பேரப்பிள்ளைகளும் அங்கேயே பிறந்திருக்கிறார்கள். அப்படியானால் முதலில் தாயையோ தகப்பனையோ பதிய வேண்டும், அப்புறம்தான் பிள்ளையை.

பெற்றோரின் பிறப்புச் சான்றிதழ் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் நகலை இங்கே எடுக்கலாம். பிறந்த திகதியும் தாய் தகப்பன் பெயரும் கொடுத்தால் பிரதேச செயலகத்தில் பதிவேட்டைத் தேடிப் பார்ப்பார்கள். திருகோணமலையில் இருக்கும் அண்ணன் தம்பிமார், அக்கா தங்கச்சிமார் யாராவது அவர்களுக்காக ஒருநாள் காலையில் போய் வாருங்கள். நகல் கிடைத்ததும் பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் போனில் வாசித்துக் காட்டிவிட்டு அனுப்புங்கள்.