சிஹெச்ஆர்: எண்ணிலிருந்து வரியுரு

பைத்தான் என்ற நிரல்மொழியில் ஓர் எண்ணைக் கொடுத்து அதற்குரிய குறியைப் பெற உதவும் செயற்கூறு சிஹெச்ஆர். ‘கேரக்டர்’ என்ற சொல்லின் சுருக்கம் இது. சிஹெச்ஆர்(65) என்றால் ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஏ’ கிடைக்கும், சிஹெச்ஆர்(2949) என்றால் ‘அ’. திரும்பி வர ஓஆர்டி உண்டு. ‘அ’வைக் கொடுத்தால் 2949 என்று சொல்லும். அது ‘ஆர்டினல்’, அதாவது வரிசையெண் என்பதன் சுருக்கம். இந்த இரு பெயர்களும் 1970-இல் வந்த பாஸ்கல் மொழியிலேயே உண்டு.

65 என்ற எண், ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் எண் கொடுத்த ஆஸ்கி தரத்திலிருந்து வருகிறது. அதில் 128 இடங்களே இருந்தன. பல மொழிகளின் எழுத்துகளுக்கும் எண் தரும் ஒருங்குறி (யூனிகோடு) அந்த 128-ஐயும் அப்படியே முதலில் வைத்துக்கொண்டு மேலே வளர்ந்தது. பைத்தான் 2-இல் சிஹெச்ஆர் 255-உடன் நின்றுவிடும். பைத்தான் 3-இல் 11,14,111 வரை போகலாம், தாண்டினால் பிழைச்செய்தி வரும்.

‘கேரக்டர்’ கிரேக்கச் சொல். செதுக்கும் கருவியையும், அது பதித்த அடையாளத்தையும் குறித்தது. இதற்குத் தமிழில் ‘எழுத்து’ என்றே பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிஹெச்ஆர்(32) தருவது இடைவெளி, சிஹெச்ஆர்(10) தருவது புதுவரி; இவற்றை எழுத்து என்று எப்படிச் சொல்வது? தமிழுக்கு வந்தால் குழப்பம் இன்னும் கூடும். ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்றெழுத்து. ஓஆர்டி வழியாகப் பார்த்தாலோ 2980, 2990, 3007, 2996, 3021 என ஐந்து எண்கள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நீளம் கேட்டாலும் பைத்தான் 5 என்றுதான் சொல்லும். ‘மி’ இலக்கணத்தில் ஓரெழுத்து, கணினியில் இரண்டு துண்டு.

ஆகவே கலைச்சொல் பட்டியல்களில் ஏற்கெனவே இருக்கும் ‘வரியுரு’வே பொருத்தம். சிஹெச்ஆர் குறியெண்ணை வரியுருவாக்குகிறது, ஓஆர்டி வரியுருவின் குறியெண்ணைத் தருகிறது. ‘எழுத்து’ என்பதை நாம் எண்ணும் எழுத்துக்கே விட்டுவைக்கலாம். பெயர் பிரிந்தால் நிரலிலும் தெளிவு வரும்: ‘கிளி’யை வரியுரு வரியுருவாகத் திருப்பினால் ‘ளிகி’ வராது, முதலில் இகரக் குறி மட்டும் தனியே நிற்கும், பிறகு ‘ளி’, கடைசியில் வெறும் ‘க’.

எண்களை வரிசையாக ஓடவிட்டுத் தமிழ் நெடுங்கணக்கை அச்சிட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘க’ 2965, ‘ங’ 2969. நடுவிலுள்ள மூன்று இடங்களும் காலி. பிற இந்திய மொழிகளின் ககர வரிசைக்கு ஒத்துப்போகும்படி விடப்பட்டவை அவை. சிஹெச்ஆர்(2966) பிழை காட்டாது, பெரும்பாலும் ஒரு கட்டம்தான் திரையில் தெரியும்.