நாயின் மேல் இருப்பது கொஞ்சம், சுவரில் இருப்பதுதான் அதிகம்

"டாக்டர், உண்ணியெல்லாம் எடுத்தாச்சு, ஆனாலும் நாய் சாப்பிட மாட்டேங்குது" என்று சொல்லி வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டால் பலரும் கட்டைவிரல் நகத்தால் நசுக்கிக் காட்டுகிறார்கள், பார்க்கும்போதே பதறுகிறது. உண்ணியின் உடம்பில் கிருமி இருந்தால், உங்கள் விரலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவே அது உள்ளே போய்விடலாம்.

கொசு, ஈ, உண்ணி எல்லாம் நோய்க்கடத்திகள்தான், ஆனால் கடத்தும் விதம் ஒன்றல்ல. நோயுள்ள குதிரையைக் கடிக்கும் பெரிய ஈயைப் பாதியில் விரட்டினால், அது வாயில் ஒட்டிய ரத்தத்தோடு பக்கத்தில் நிற்கும் குதிரையைக் கடிக்கும், சர்ரா என்னும் ரத்த ஒட்டுண்ணி நோய் இப்படித்தான் பரவுகிறது. மலேரியாவுக்கு இந்த அவசரம் கிடையாது. அந்தக் கிருமி கொசுவின் உடம்புக்குள் வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேரவே பொதுவாக 10 நாளுக்கு மேல் ஆகும்.

மாட்டு உண்ணியோ தன் குஞ்சுக்கே நோயைக் கொடுத்துவிடுகிறது. சிறுநீர் சிவந்து மாடுகள் சாகும் பபீசியா காய்ச்சலை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானிகள் ஸ்மித்தும் கில்போர்னும் 1893-இல் வெளியிட்ட முடிவு இது: நோயுள்ள மாட்டில் ரத்தம் குடித்த தாய் உண்ணி கீழே விழுந்து முட்டையிடும், அதிலிருந்து வரும் குஞ்சுகள் ஏறும் மாட்டுக்குத்தான் காய்ச்சல் வரும். அதனால்தான் நோயுள்ள மாட்டைப் பிரித்துக் கட்டினால் மட்டும் போதாது என்கிறோம்.

நாய் உண்ணி தன் வளர்ச்சியின் ஒவ்வொரு பருவத்திலும் ரத்தம் குடித்துவிட்டுக் கீழே இறங்கிவிடும். அப்புறம் சுவர் விரிசலிலும் படுக்கை மடிப்பிலும் ஒளிந்து தோலுரிக்கும், பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு இடத்தை விட்டுவிட்டால் சில வாரங்களில் மறுபடி வந்து நிற்பீர்கள். படுக்கையைச் சுடுநீரில் துவையுங்கள், விரிசல்களை அடையுங்கள். வீட்டில் பூனையும் இருந்தால் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள்: நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் என்னும் உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது, அதன் உயிருக்கே ஆபத்து.

ஒட்டியிருக்கும் உண்ணியை மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். எடுத்ததை ஆல்கஹாலில் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடுத்த சில வாரங்களில் நாய்க்கோ உங்களுக்கோ காய்ச்சல் வந்தால், உண்ணி கடித்த விஷயத்தை மருத்துவர் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.