சேருவது துணையாறு, பிரிவது கிளையாறு

யாங்கூனில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் மியான்மரின் பேராறான ஐராவதியின் வரைபடத்தை விரித்து, "சிந்த்வின் எந்த வகை ஆறு?" என்று கேட்டேன். "கிளையாறு, ஐயா" என்றான் ஒரு பையன், தயங்காமல். தவறுதான். ஆனாலும் அவன்மேல் குற்றமில்லை. மேலே சேரும் ஆறுகளும் கீழே பிரியும் ஆறுகளும் படத்தில் ஒரே மரத்தின் கிளைகளைப் போலத்தான் தெரிகின்றன. தண்ணீர் ஓடும் திசையை நீலக்கோடு காட்டுவதில்லை.

தாயாற்றுக்கு நீர் கொண்டுவருவது துணையாறு. தாயாற்றிலிருந்து நீரைப் பிரித்துக்கொண்டு போவது கிளையாறு. மண்டலேக்குக் கீழே ஐராவதியில் வந்து கலக்கும் சிந்த்வின் எவ்வளவு பெரிதானாலும் துணையாறுதான். பத்தேன் நகரைத் தொட்டுக் கடலுக்குப் போகும் ஆறு கிளையாறு. நம் முன்னோர் இதை ஊர்ப்பெயரிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். காவிரியோடு பவானி சேரும் இடம் கூடுதுறை. கொள்ளிடம் பிரியும் இடம் முக்கொம்பு. கொம்பு என்றால் கிளை. ஐராவதி பிறக்கும் கச்சின் மலைநாட்டில் மாலி, நிமாய் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தைப் பர்மியர் மியிட்சோன் என்கிறார்கள். ஆறுகள் கூடுமிடம் என்பதுதான் அதன் பொருள்.

சேர்வது எளிதாகப் புரிகிறது, பள்ளத்தை நோக்கித்தானே எல்லா நீரும் ஓடும். பெரிய ஆறு ஏன் பிரிய வேண்டும்?

ஒரு தட்டில் ஆற்றுமணலைப் பரப்பி, லேசாகச் சாய்த்து, டம்ளரிலிருந்து கலங்கல் நீரை மெல்ல ஊற்றச் சொன்னேன். சரிவு குறையும் இடத்தில் நீரின் வேகம் குறைந்தது. சுமந்து வந்த மணலை அங்கேயே இறக்கிவிட்டது. இறங்கிய மணல் சிறு மேடாகி வழியை மறிக்க, நீர் அதன் இருபுறமும் பிரிந்து ஓடியது. ஐராவதியிலும் இதுவே நடக்கிறது. கடலுக்கு ஏறக்குறைய 290 கிலோமீட்டருக்கு முன்பே நிலம் தட்டையாகிவிடுகிறது. வண்டல் படிந்து ஆற்றுப்படுகை உயர்கிறது. பெருவெள்ளத்தில் கரை உடைந்தால் நீர் புது வழி தேடிக்கொள்கிறது. இப்படிப் பிரிந்து பிரிந்து, ஒன்பது பெரிய முகத்துவாரங்கள் வழியாகக் கடலில் கலக்கிறது.

அந்தப் பையன் தட்டில் ஒரு வாய்க்காலை விரலால் அடைத்தான். நீர் குறையவில்லை, பக்கத்து வாய்க்காலுக்குத் திரும்பியது. ஊற்றுவதைக் குறைத்தபோதோ எல்லா வாய்க்காலும் மெலிந்தன. துணையாறு வற்றினால் கீழே உள்ள அத்தனை பேருக்கும் நீர் குறையும். கிளையாறு தூர்ந்தால் மொத்த நீர் குறையாது, அந்தக் கிளையை நம்பிய ஊர்கள்தான் தவிக்கும்.

முகத்துவாரத்தை ஒட்டிய கிளைகளில் கடலின் ஏற்றநீர் நாள்தோறும் எதிர்த்து நுழைகிறது. யாங்கூன் படித்துறையில் நின்று பார்த்தால், மிதக்கும் ஆகாயத்தாமரை சில மணி நேரம் மேல்நோக்கிப் போவது தெரியும். ஆறு ஓடும் திசையைப் பார்ப்பவர், ஏற்றநீர் வடியும் வற்றம் வரும்வரை காத்திருக்க வேண்டும். கோடையில் ஆற்றுநீர் மெலிந்துவிட்டால், அந்த ஏற்றநீரோடு உப்பும் உள்நாட்டுக்குள் ஏறிவிடுகிறது. தூர்ந்த கிளையில் அது இன்னும் தொலைவு போகும். ஆற்றங்கரையிலேயே குடியிருந்தும் கீழ் டெல்டாவின் பல கிராமங்கள் அந்த மாதங்களில் குடிப்பதற்கு மழைநீர்க் குளத்தைத்தான் நம்பியிருக்கின்றன.